தொடர் கொலையாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

குற்ற வழக்குகளைப் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் “அவன் ஏன் சார் அப்படி ஆனான்?” என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முடிந்தவரை கீழே பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வழக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்துவது வேறு கேள்வி: இத்தனை பேரைக் கொல்லும்வரை அவன் கையை யாரும் ஏன் பிடிக்கவில்லை? கேட்காவிட்டாலும் பல பதில்களில் அது வந்து நிற்கும்.

எத்தனை பேரைக் கொன்றால் ஒருவன் தொடர் கொலையாளி?

முன்பு மூன்று என்பார்கள். 2005-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் போலீஸ்காரர்கள், மனநல மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் எனப் பலரையும் கூட்டிவைத்துப் பேசியது. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட எண்ணிக்கை இரண்டு. ஒரே ஆள், வெவ்வேறு சமயங்களில், இரண்டு பேரையோ அதற்கு மேலோ கொன்றிருந்தால் கணக்கில் வருவான். ஒரே நாளில் ஒரே இடத்தில் பத்துப் பேரைச் சுட்டவன் வரமாட்டான். அது வேறு வகை.

வரையறையில் நோக்கம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. காமம், பணம், கோபம், கவனிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம், எதுவாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் “எல்லாத் தொடர் கொலையாளிகளும் இப்படித்தான்” என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நம்பமாட்டீர்கள்.

எல்லோரும் மனநோயாளிகள்தானே? புத்தி சரியாக இருக்கிறவன் இப்படிச் செய்வானா?

மனநோயாளிகள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஒருவன் நமக்குத் தெரிந்த பெயர், பம்பாயின் ராமன் ராகவ். தமிழ்க்காரன். சிந்தி தல்வாய், அண்ணா, தம்பி, வேலுச்சாமி என்று பல பெயர்களில் திரிந்தவன். 1960களின் நடுவில் ஒருமுறையும், 1968-இல் மறுபடியும், பம்பாய்ப் புறநகர்களில் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கனமான இரும்பால் அடித்துக் கொன்றான். முதல் சுற்றிலேயே போலீஸ் பிடித்து, சாட்சியம் இல்லையென்று விட்டிருந்தது. 1968 ஆகஸ்டில் மறுபடி பிடிபட்டபோது முதலில் வாயே திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கோழிக்கறி கேட்டான். சாப்பிட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய், சீப்பு, கண்ணாடி கேட்டான். எண்ணெய் தேய்த்து, தலை வாரி, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்ட பிறகு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவனே போலீசைக் கேட்டான். 41 பேரைக் கொன்றதாகச் சொன்னான்.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அவன் மேல்முறையீடு செய்ய மறுத்தான். பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்களைக் கொண்டு அவனைப் பரிசோதிக்கச் சொன்னது. அவர்களிடம் அவன் சொன்னவை: உலகம் இரண்டு, அதில் ‘கானூன்’ (சட்டம்) உலகம் தனி, தன்னைப் பெண்ணாக மாற்றப் பலர் முயல்கிறார்கள், ஆனால் தான் 101 சதவீதம் ஆண், திருடவைப்பதற்காகவே அரசாங்கம் தன்னைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. தீராத மனச்சிதைவு என்று மருத்துவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். தூக்கு ஆயுளாகக் குறைந்தது. புனே எரவாடா சிறையில் இருந்து, சிறுநீரகக் கோளாறால் 1995-இல் இறந்தான்.

சட்டம் கேட்பது நோய் இருக்கிறதா என்பதை அல்ல. பழைய இ.பி.கோ. 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 22: தான் செய்வது என்ன, அது தவறு என்பதை அந்த நேரத்தில் அறிய முடியாத நிலையில் இருந்தானா என்றுதான் பார்க்கும். அதனால்தான் நோய் இருந்தும் ராமன் ராகவுக்கு விடுதலை கிடைக்கவில்லை. 17 பேரைக் கொன்று, அமெரிக்காவின் மில்வாக்கியில் பிடிபட்ட ஜெஃப்ரி டாமர் செய்தவற்றைப் படித்தால் யாருக்கும் இவன் பைத்தியம்தான் என்று தோன்றும். 1992-இல் நடுவர் குழு சித்தசுவாதீனம் உள்ளவன் என்றே தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அடி வாங்குகிற பக்கம்தான் அவர்கள் அதிகம்.

அப்போ ‘சைக்கோபாத்’ என்பது யார்?

நம் செய்தித்தாள்கள் இரண்டு தனித்தனி விஷயங்களுக்கும் ‘சைக்கோ’ என்று ஒரே பட்டத்தைக் கொடுத்துவிடுகின்றன. ராமன் ராகவுக்கு இருந்தது உண்மை எது பிரமை எது என்று தெரியாத நோய். சைக்கோபாத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். அடுத்தவன் வலிக்காக மனம் பதறாது, குற்றவுணர்வு வராது, பொய் சரளமாக வரும், அவ்வளவுதான். கனடாவின் ராபர்ட் ஹேர் என்ற உளவியலாளர் இதை அளக்க 20 அம்சப் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் சைக்கோபாத் என்பார்கள். பயிற்சி பெற்றவர் நீண்ட பேட்டியும் பழைய கோப்புகளும் வைத்துப் போட வேண்டிய மதிப்பெண் அது. மேலதிகாரிக்கு நீங்களே போட்டுப் பார்ப்பது செல்லாது, ஆசை இருந்தாலும்.

சைக்கோபாத்துகளில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. தொடர் கொலையாளிகள் எல்லோரும் சைக்கோபாத்துகளும் இல்லை.

சின்ன வயதில் கொடுமை அனுபவித்ததால்தான் இப்படி ஆகிறார்களா?

பாதி உண்மை. 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும், மனநலச் செவிலியர் துறைப் பேராசிரியர் ஆன் பர்ஜெஸும் சேர்ந்து, சிறையில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். அடி, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை, அப்பா ஓடிப்போன வீடு என்று கதைகள் குவிந்தன. நாம் இன்று பேசும் ‘பின்னணி’ எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஆட்கள் 36 பேர்தான். அதே மாதிரி வளர்ந்து யாரையும் கொல்லாதவர்களோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. சிறையில் இருப்பவன் தன் குழந்தைப் பருவத்தைச் சொல்லும்போது அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அனுதாபம் தேடல் என்பதும் யோசிக்க வேண்டியது.

எட் கெம்பர் கதையைப் பார்ப்போம். குத்திக்காட்டிக்கொண்டே இருந்த அம்மா. நிலவறையில் தனியாகப் படுக்கவைத்தாள். 1964-இல், 15 வயதில், கலிபோர்னியாவில் தாத்தாவையும் பாட்டியையும் சுட்டுக் கொன்றான். மனநலக் காப்பகத்தில் போட்டார்கள். 21 வயதில் வெளியே விட்டார்கள், அதுவும் மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்த அதே அம்மாவின் வீட்டுக்கு. 1972-இல் அவனைப் பரிசோதித்த மருத்துவர்கள் இனி ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தபோது அவன் மாணவிகளைக் கொல்லத் தொடங்கியிருந்தான். ஆறு பெண்கள், கடைசியில் அம்மா, அம்மாவின் தோழி. பிறகு அவனே போலீசுக்குப் போன் செய்தான். குழந்தைப் பருவம் இதில் இருக்கிறது, சந்தேகமில்லை. கூடவே 1969-இல் அவனை வெளியே விட்ட ஒரு கையெழுத்தும் இருக்கிறது.

ஃப்ளோரிடாவில் ஏழு ஆண்களைச் சுட்டுக் கொன்ற அய்லீன் வோர்னோஸ் இன்னொரு பக்கம்: விட்டுவிட்டுப் போன அம்மா, சிறையில் தூக்குப் போட்டுக்கொண்ட அப்பா, 14 வயதில் கர்ப்பம். படிக்கவே மனசு கனக்கும்.

சரி, டாமர்? அப்பா வேதியியலாளர். வீட்டில் சண்டை உண்டு, விவாகரத்து உண்டு, ஆனால் பிள்ளையை யாரும் அடித்து வதைத்ததாக இல்லை. தன் நோயாளிகளையே கொன்ற பிரிட்டிஷ் டாக்டர் ஹரால்ட் ஷிப்மேன் அம்மாவின் செல்லப்பிள்ளை. கொடுமையில் வளர்ந்த கோடிக்கணக்கானவர்கள் யாரையும் கொல்லவில்லை. இவர்கள் இருவரும் அப்படி வளராமலே கொன்றார்கள். பிடிபட்ட பிறகு பின்னோக்கிப் பார்த்துக் காரணம் சொல்ல முடிகிறது. ஒரு குழந்தையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, பிராணிகளைக் கொடுமைப்படுத்துவது, மூன்றும் இருந்தால் ஆபத்து என்கிறார்களே? என் பையன் பூனைக்குட்டியைப் போட்டு அடிக்கிறான்.

1963-இல் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் டென்வரில், கொலை மிரட்டல் விடுத்த நோயாளிகளைப் பார்த்து எழுதிய கட்டுரையில் வந்த மூன்று அது. பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. படுக்கையை நனைப்பதை முதலில் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மருத்துவ விஷயம், திட்டினால் கூடும்.

பூனை விஷயத்தை அப்படி விட வேண்டாம். அவன் கொலைகாரன் ஆவான் என்பதற்காக இல்லை. வீட்டிலோ பள்ளியிலோ அவனை யாராவது அடிக்கிறார்களா, யாராவது அடிபடுவதை அவன் பார்க்கிறானா என்று தெரிந்துகொள்வதற்காக. குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள்.

மூளையிலோ மரபணுவிலோ கோளாறு இருக்குமா?

தேடித்தேடிப் பார்த்துவிட்டார்கள். 1966-இல் சிகாகோவில் ஒரே இரவில் எட்டு மாணவ நர்சுகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்குக் கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் இருப்பதாகச் செய்தி கிளம்பி, ‘கொலைகார குரோமோசோம்’ என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். பரிசோதனையில் அவன் குரோமோசோம்கள் சாதாரணமாகவே இருந்தன. ஆனாலும் அந்தக் கதை இன்னும் சாகவில்லை. (மேலே சொன்ன வரையறைப்படி ஸ்பெக் தொடர் கொலையாளியும் இல்லை.) 33 இளைஞர்களைக் கொன்ற ஜான் வேய்ன் கேசியின் மூளையை 1994-இல் மரண தண்டனைக்குப் பின் எடுத்து ஆராய்ந்தார்கள். அசாதாரணமாக ஒன்றும் தென்படவில்லை.

எனக்குப் பிடித்த கதை ஜேம்ஸ் ஃபாலனுடையது. கலிபோர்னியாவின் நரம்பியல் பேராசிரியர். கொலையாளிகளின் மூளை ஸ்கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேறொரு ஆய்வுக்காகத் தன் குடும்பத்தாரை எடுத்த ஸ்கேன்களில் ஒன்று அச்சாக சைக்கோபாத் மாதிரி இருப்பதைக் கண்டார். யாருடையது என்று பார்த்தால் அவருடையது. அவர் யாரையும் கொல்லவில்லை, பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

முன்மூளையிலும், பயத்தை உணரும் அமிக்டலாவிலும் சில வேறுபாடுகள் சைக்கோபாத்துகளிடம் சராசரியாகத் தெரிகின்றன என்பது உண்மை. சராசரியை வைத்து ஒரு தனி ஆளைத் தீர்மானிக்க முடியாது.

இவர்கள் அதிபுத்திசாலிகள் அல்லவா? அதனால்தானே பிடிபடுவதில்லை?

சினிமா செய்த வேலை இது. கெம்பர் புத்திசாலி, சரி. ஆனால் சியாட்டில் பகுதியில் 49 பெண்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட கேரி ரிட்ஜ்வேயின் ஐ.க்யூ. 80-ஐக் கொஞ்சம் தாண்டியதுதான், அதாவது சராசரிக்கு நன்றாகக் கீழே. லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்தான். 1984-இல் போலீஸ் அவனைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்தது, தேறிவிட்டான். 1987-இல் எச்சில் மாதிரி எடுத்து வைத்தார்கள். டி.என்.ஏ. தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, 2001-இல் அந்த எச்சில்தான் அவனை மாட்டிவிட்டது. நடுவில் அவன் மூளை ஒன்றும் பெரிதாக வேலை செய்யவில்லை.

டென்னிஸ் ரேடர் பிடிபட்டதைப் படித்தால் சிரிப்பே வரும். கான்சஸின் விச்சிட்டா பகுதியில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்று, போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன். 2004-இல் மறுபடி கடிதம் எழுத ஆரம்பித்தான். பிளாப்பி டிஸ்கில் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா, நேர்மையாகச் சொல்லுங்கள் என்று போலீசையே கேட்டான்! பரவாயில்லை, அனுப்பலாம் என்று போலீஸ் நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தது. அனுப்பினான். அதில் அழிக்கப்பட்ட ஒரு வேர்டு கோப்பின் தடயத்தில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் ‘டென்னிஸ்’ என்பதும் இருந்தன. அந்தத் தேவாலயத்தின் சபைத் தலைவர் பெயர் டென்னிஸ் ரேடர்.

வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் எப்படி?

ரேடருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். சாரணர் குழு, சர்ச் வேலை. ஊரே கொலைகாரனுக்குப் பயந்து வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவன் அலாரம் கம்பெனியில் வேலை பார்த்தான். ரிட்ஜ்வேயின் மூன்றாவது மனைவிக்கு அவன் நல்ல கணவன். 1970களில் அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி, சியாட்டிலில் தற்கொலை தடுப்பு உதவி எண்ணில் போன் எடுத்து ஆறுதல் சொன்னவன்.

முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. ‘உனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?’ என்று குடும்பத்தைக் குடைவது பாவம்.

ஒருமுறை ருசி கண்டால் நிறுத்தவே முடியாது என்பது நிஜமா?

இல்லை. ரேடர் 1991-க்குப் பின் 2005-இல் பிடிபடும்வரை யாரையும் கொல்லவில்லை. கலிபோர்னியாவில் 13 பேரைக் கொன்ற முன்னாள் போலீஸ்காரன் ஜோசப் டிஆஞ்சலோவின் கடைசிக் கொலை 1986-இல். 2018-இல் வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில் தூரத்து உறவினர்களின் டி.என்.ஏ. வழியாகப் பிடிபட்டான். வயது, குடும்பம், கற்பனையிலேயே திருப்திப்பட்டுக்கொள்வது என்று ஏதோ ஒன்று கையைக் கட்டுகிறது. நிறுத்த முடிந்தது என்றால், முன்பு நிறுத்தாததும் அவர்கள் முடிவுதான்.

பெண்களில் உண்டா?

உண்டு, குறைவு. பெரும்பாலும் தெரிந்தவர்களையே, சத்தமில்லாத வழியில், பணத்துக்காக. பெங்களூருவில் கெம்பம்மா கோயில்களில் மனக்கஷ்டத்தோடு வரும் பெண்களிடம் பழகி, விசேஷப் பூஜைக்கு இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, சயனைடு கலந்து கொடுத்துக் கொன்றாள். முதல் கொலை 1999-இல், மற்றவை 2007-இல். மனதைத் தோண்டி ஆராய இதில் பெரிதாக ஒன்றுமில்லை, நகைதான்.

டாக்டர்களும் நர்சுகளும்கூட இப்படிச் செய்திருக்கிறார்களாமே?

எண்ணிக்கையில் மிகப் பெரிய வழக்குகள் இங்கேதான். ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் என்ற ஆண் நர்ஸ் 85 கொலைகளுக்காக 2019-இல் தண்டிக்கப்பட்டான். பிரிட்டனின் ஹரால்ட் ஷிப்மேன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற சிறிய ஊர். தாடி வைத்த, வீட்டுக்கே வந்து பார்க்கும் குடும்ப டாக்டர். வயதானவர்களுக்கு அவர் என்றால் உயிர். அவர் 17 வயதில் இருந்தபோது அம்மா புற்றுநோயில் இறந்தார். கடைசி நாட்களில் வலிக்கு டாக்டர் வந்து மார்ஃபின் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பின்னாளில் தன் நோயாளிகளை அதே வகை மருந்தால் கொன்றார். உளவியல் பேசுகிறவர்களுக்கு அல்வா மாதிரி கதை. ஆனால் அவர் வாய் திறந்து ஒரு காரணமும் சொல்லவில்லை. 2004-இல் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார். ஆகவே அம்மா கதை நம் ஊகம்தான்.

ஊகம் இல்லாதவை இவை. 1976-இலேயே தனக்காகப் பெத்திடின் என்ற போதை தரும் வலி மருந்தை வாங்கப் பொய் மருந்துச் சீட்டு எழுதி அபராதம் கட்டியவர், உரிமம் பறிபோகவில்லை. ஊரில் ஒரு டாக்சி ஓட்டுநர், தான் வழக்கமாக ஏற்றிச் செல்லும் பாட்டிமார்கள் வரிசையாகச் செத்துப்போவதைக் கவனித்துப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டார். இறுதிச் சடங்கு நடத்துபவர்களுக்கும் சந்தேகம்: எல்லோரும் உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருக்கிறார்கள். 1998 மார்ச்சில் புகார் போலீசுக்குப் போனது. அரைகுறையாக விசாரித்து மூடிவிட்டார்கள். அதன்பின் இன்னும் மூன்று பேர் செத்தார்கள். அந்த மூவரில் கடைசியானவரின் மகள் வழக்கறிஞர். சொத்தெல்லாம் டாக்டருக்கே என்று மட்டமாகத் தட்டச்சு செய்த உயிலைப் பார்த்ததும் அவர் விடவில்லை. உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது மார்ஃபின் இருந்தது.

2000-இல் 15 கொலைகளுக்குத் தண்டனை. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002-இல் சொன்னது. அப்போது வயதானவர் இறந்தால் டாக்டர் எழுதித் தந்ததே சாவுச் சான்று, யாரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. இருபதாண்டுக்கு மேல் அந்த ஓட்டைக்குள்தான் அவர் வாழ்ந்தார்.

நம்ம ஊர் ஆட்டோ சங்கர் இதில் சேருவானா?

எண்ணிக்கைப்படி சேருவான். சென்னை திருவான்மியூர்ப் பகுதியில் 1980களின் இறுதியில் சாராயமும் விபசாரமும் நடத்தியவன், ஆறு கொலைகள். 1990-இல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் மாட்டி, 1995-இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். ஆனால் மனப்போக்கைப் பார்த்தால் அவன் ஒரு ரவுடிக் கூட்டத்தின் தலைவன். தொழிலுக்குக் குறுக்கே வந்தவர்களைத் தீர்த்தவன். ராமன் ராகவையும் அவனையும் ஒரே பட்டியலில் வைத்து ‘தமிழக சைக்கோக்கள்’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். அவன் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில்தான், தனிமனித அந்தரங்கம் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்தச் சுயசரிதையில் அதிகாரிகள் சிலருடனான பழக்கம் பற்றி இருந்ததாகச் சொல்லப்பட்டதால்தான் எதிர்ப்பே கிளம்பியது.

பக்கத்து மாநிலத்து மோகன்குமார் விஷயம் எனக்கு அதைவிடத் திகிலாக இருக்கிறது. தென்கன்னடப் பகுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியன். வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன ஏழைப் பெண்களைப் பார்த்துப் பழகி, வரதட்சணை வேண்டாம் என்று சொல்லி, வெளியூர் லாட்ஜில் தங்கவைத்து, மறுநாள் நகையைக் கழற்றி வைக்கச் சொல்லி, கர்ப்பத்தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுத்தான். பஸ் நிலையக் கழிப்பறைகளில் அந்தப் பெண்கள் செத்துக் கிடந்தார்கள். இருபது பேர். ஒவ்வொரு ஊர் போலீசும் தற்கொலை, அடையாளம் தெரியாத பெண் பிணம் என்று தனித்தனியாக எழுதிக் கோப்பை மூடியது. 2009-இல் ஒரு பெண்ணின் சொந்தக்காரர்களும் ஊராரும் திரண்டு போராடிய பிறகுதான் செல்போன் அழைப்புகளைத் துருவினார்கள்.

குணச்சித்திரம் வரைந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

குற்றம் நடந்த விதத்தை வைத்துச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று ஊகிப்பதைத்தானே கேட்கிறீர்கள்? ஓரளவு, அதுவும் எப்போதாவது. குற்றவாளிகளை ‘திட்டமிடுபவன்’, ‘திட்டமில்லாதவன்’ என்று எஃப்.பி.ஐ. இரண்டாகப் பிரித்தது. பிரிட்டனின் டேவிட் கேன்டர் குழு 100 அமெரிக்கத் தொடர் கொலையாளிகளின் வழக்குகளை எடுத்து 2004-இல் சோதித்தபோது அப்படி இரண்டு வகையாக அவர்கள் பிரியவில்லை.

52 பேரைக் கொன்ற, சோவியத் ரஷ்யாவின் ரொஸ்தோவ் பகுதியைச் சேர்ந்த சிகட்டிலோவிடம் குணச்சித்திரம் வேறு விதமாக உதவியது. மனநல மருத்துவர் புகானொவ்ஸ்கி முன்பே எழுதி வைத்திருந்ததை 1990-இல் அவனிடமே வாசித்துக் காட்டினார். அவன் உடைந்து ஒப்புக்கொண்டான். ஆனால் ஆறு வருடம் முன்பே, 1984-இல், கத்தியும் கயிறுமாகப் பிடிபட்டவன் அவன். இரத்த வகை பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால், அவன் செய்த முதல் கொலைக்காக வேறொருவரை 1983-இல் சுட்டுக் கொன்றே விட்டார்கள்.

அவர்களே ஒப்புக்கொண்ட எண்ணிக்கையை நம்பலாமா?

கவனமாக. ஹென்றி லீ லூகாஸ் டெக்சாஸில் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான்; போலீஸ்காரர்கள் கோப்பும் மில்க்‌ஷேக்கும் கொடுத்துக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? பெரும்பாலானவை பொய். ஸ்வீடனில் தாமஸ் குவிக் என்ற பெயரில் எட்டுக் கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டவரின் எட்டுத் தீர்ப்புகளும் 2013-க்குள் ரத்தாயின. மனநலக் காப்பகத்தில் மருந்து மயக்கத்தில் சொன்ன கதைகள் அவை. ராமன் ராகவின் 41-ஐயும் நான் அவன் சொன்ன கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

சிகிச்சை கொடுத்துத் திருத்த முடியுமா?

கனடாவின் ஓக் ரிட்ஜ் காப்பகத்தில் 1960, 70களில் சைக்கோபாத்துகளைக் குழுவாக உட்காரவைத்து மாதக்கணக்கில் மனம்விட்டுப் பேசவைத்தார்கள். வெளியே வந்தபின் என்ன ஆனார்கள் என்று பார்த்து 1992-இல் வந்த ஆய்வு, சிகிச்சை பெற்ற சைக்கோபாத்துகள் பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்றது. அடுத்தவர் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். விஸ்கான்சினில் மெண்டோட்டா என்ற மையம் வன்முறைப் பழக்கமுள்ள பதின்வயதுப் பையன்களிடம் செய்யும் வேலைக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. வயது முக்கியம் போலும்.

அப்புறம் ஏன் இத்தனை வருடம் பிடிபடுவதில்லை?

யாரைக் கொல்கிறார்கள் என்று பாருங்கள். ரிட்ஜ்வே நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்திலேயே இருக்கிறது: பாலியல் தொழிலாளிகளைத் தேர்ந்தெடுத்தது ஏனென்றால் அவர்கள் காணாமல் போனதாக யாரும் உடனே புகார் கொடுக்கமாட்டார்கள், ஒருவேளை எப்போதுமே கொடுக்கமாட்டார்கள். சாமுவேல் லிட்டில் 1970 முதல் 2005 வரை அமெரிக்கா முழுக்கக் கொன்றதாக ஒப்புக்கொண்டது 93 பேரை. ஐம்பதை 2019-க்குள் எஃப்.பி.ஐ. உறுதி செய்தது. பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். பல சாவுகள் போதை மருந்தால், விபத்தால் என்றே முன்பு பதிவாகியிருந்தன.

டாமர் வழக்கில் அதை நேருக்கு நேர் பார்க்கலாம். 1991 மே மாத இரவு. லாவோஸ் குடும்பத்துப் பையன், 14 வயது, உடம்பில் துணியில்லாமல், மயக்கத்தில் தள்ளாடிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தான். கறுப்பினப் பெண்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். டாமர் வந்து, இவன் பெரியவன்தான், என் நண்பன், குடித்துவிட்டான் என்றான். வெள்ளைக்காரன் நிதானமாகப் பேசினான், போலீஸ் நம்பியது. பெண்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் பையனை டாமரின் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனார்கள். பெயரைக் கேட்டுக் கணினியில் பார்த்திருந்தால், இதே குடும்பத்தின் இன்னொரு பையனிடம் தவறாக நடந்து தண்டனை பெற்று நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவன் அவன் என்று தெரிந்திருக்கும். தெருவுக்கு ஓடி வந்த அந்தப் பையனையும், ஜூலையில் பிடிபடுவதற்குள் இன்னும் நான்கு பேரையும் கொன்றான்.

நொய்டாவின் நிதாரியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது புகார் கொடுத்த பெற்றோர் கூலி வேலைக்காரர்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய வடிகாலில் எலும்புகள் கிடைத்தன. தூக்கு விதிக்கப்பட்ட அந்த வீட்டு வேலைக்காரரை, விசாரணை சரியில்லை என்று 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பெரும்பாலான வழக்குகளிலும், 2025-இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த வழக்கிலும் விடுவித்தன. ஆரம்பத்திலும் அக்கறையில்லை, முடிவிலும் அக்கறையில்லை. கொன்றவர் யார் என்பதற்குச் சட்டப்படி பதிலே இல்லாமல் போய்விட்டது.

இப்போது குறைந்துவிட்டதா?

அமெரிக்காவில் 1970, 80களில் உச்சம், பிறகு தெளிவாக இறக்கம். டி.என்.ஏ., கேமரா, செல்போன், நீண்ட சிறைத் தண்டனைகள், முன்பின் தெரியாதவர் வண்டியில் கைகாட்டி ஏறும் வழக்கம் ஒழிந்தது என்று காரணம் சொல்கிறார்கள். இந்தியாவில் ஒப்பிட்டுச் சொல்லும்படி நம்பகமான எண்ணிக்கை கிடையாது.

எங்கள் வீட்டில் ஒருவர் காணவில்லை என்றால், போலீஸ் 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறது. காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அப்படி ஒரு விதியே இல்லை. காணாமல் போனது குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே உத்தரவிட்டிருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள். ‘எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்’ என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும். நல்ல புகைப்படம் ஒன்று, கடைசியாகப் போட்டிருந்த உடை, போன் நம்பர், மூன்றையும் எழுதிக் கையில் கொண்டு போங்கள். புகார் ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.